இடியக்கா சிம்பலைத் திருத்திய கதை

இடியக்காவோடு வெளியே போவதென்றால் அவளுடைய கணவருக்கு ஒரே ஒரு பயம்தான். புதிதாக ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் போதும், வாசலைத் தாண்டி நாலடி வைத்ததும் நின்றுவிடுவாள். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பளாரென்று ஒரு கைதட்டு தட்டுவாள். ஒரே ஒரு தட்டு. பிறகு தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி அடங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நிற்பாள். பல் டாக்டரின் காத்திருக்கும் அறையில் தட்டியிருக்கிறாள். வங்கியில் தட்டியபோது செக்யூரிட்டி ஓடி வந்துவிட்டார். ஒரு தடவை துக்கம் விசாரிக்கப் போன வீட்டு மாடிப்படியில் கையைத் தூக்கியவளை அவர்தான் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்த வீட்ல மட்டும் வேணாம்மா. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"நல்ல படிக்கட்டுங்க. ரெண்டு செகண்டாவது நிக்கும்," என்று அவள் பெருமூச்சு விட்டாள். துக்க வீட்டுக்காரர்கள் அந்தப் பெருமூச்சைத் தங்களுக்கானது என்று எடுத்துக்கொண்டார்கள், நல்லவேளை.

கணவருக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதித்துப் பார்த்துக் கண்ணாடி செய்து கொடுப்பதில் இருபத்தாறு வருஷ அனுபவம். தெருவே அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடும். இடியக்காவுக்குக் குளிர்பானம் நிரப்பும் தொழிற்சாலையில் வேலை. பெல்ட்டில் ஓடி வருகிற கண்ணாடி பாட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள், இப்போது அந்த வரிசைக்கே சூப்பர்வைசர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாப்பாட்டு இடைவேளையில் காலி பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு கரண்டியால் ஒரு வாசிப்பு வாசித்தாளாம். மேனேஜர் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்திருக்கிறார், இடி இடிக்கிறதே, துணி காயப்போட்டிருக்கிறோமே என்று. அன்றைக்கு வைத்த பெயர்தான் இடியக்கா.

அந்தப் பெட்டி வாசிப்பிலிருந்து ஒரு குழுவே உருவாயிற்று. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் பாடுவார். ஸ்டோர்கீப்பர் கிடார். தண்ணீர்ப் பரிசோதனை அறையில் இருக்கிற பெண் கீபோர்டு. இடியக்காவுக்கு டிரம். மூன்றாவது மாடி அடுக்குமாடி வீட்டில் நிஜ டிரம்மை வைத்து வாசித்தால் கீழ்வீட்டுக்காரர் பெட்டிபடுக்கையோடு மேலே வந்துவிடுவார் என்பதால் எலக்ட்ரானிக் டிரம் வாங்கினாள். அதில் தோல் கிடையாது, பித்தளை கிடையாது. ரப்பர் வட்டங்கள், வயர்கள், எல்லா வயரும் போய்ச் சேருகிற ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். ரப்பரில் அடித்தால் பெட்டிதான் சத்தத்தை உண்டாக்கி ஹெட்போனுக்கு அனுப்பும். அவள் காதுக்குள் ஊரே அதிரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு டொக் டொக் என்று வெங்காயம் நறுக்குகிற சத்தம் மட்டும் கேட்கும். கண்ணாடிக்காரர் ஏழு வருஷமாக அந்த வெங்காயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மேடையில் அவள் வாசித்து அவர் கடைசியாகக் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாலை நேரத்தில்தான் கடையில் கூட்டம், என்ன செய்வது?

அந்தப் பெட்டியில் எக்கோவைக் கூட்டலாம், குறைக்கலாம். சிம்பலை, அதாவது பித்தளைத் தட்டின் ஓசையை, மழுங்கடிக்கலாம், கூராக்கலாம். 'சின்ன அறை', 'பெரிய அறை', 'மண்டபம்' என்று கம்பெனிக்காரனே சில எக்கோக்களை வைத்து அனுப்பியிருந்தான். மற்றவர்கள் அதில் ஒன்றைத் தட்டிவிட்டு வாசிக்கப் போய்விடுவார்கள். இடியக்காவுக்கு அது ஆகவே ஆகாது. "மண்டபம்னா எந்த மண்டபம்? யார் மண்டபம்? உள்ள நாற்காலி போட்டிருக்கா, இல்லையா?" என்று பெட்டியோடு சண்டை பிடிப்பாள். அதற்காகத்தான் போகிற இடமெல்லாம் அந்தக் கைதட்டல். வீட்டுக்கு வந்ததும் கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டே குமிழைத் திருகுவாள், ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மை அடிப்பாள், திருகுவாள், அடிப்பாள். நோட்டில் எழுதி வைப்பாள்: 'வங்கி. எக்கோ பன்னிரண்டு. வேகப் பாட்டுக்கு ஆகாது.' 'நம்ம குளியலறை. எக்கோ மூன்று. கிண்டல் பாட்டுக்கு.' ஒரு ஸ்னேருக்கு ஒரு வார விடுமுறையே போகும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவள் அடித்த அடிக்கு ரப்பர்தான் தேய்ந்தது.

அவர்கள் குழுவில் ஒரு தாலாட்டுப் பாட்டு உண்டு. அதற்கு அவளுக்கு ஒரு குறிப்பிட்ட எக்கோ வேண்டியிருந்தது, பிரசவ வார்டுக்கு வெளியே இருக்கிற நீள நடையின் எக்கோ. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்கள் மகள் பிறந்த அன்று, வலியில் கிடந்தபோது வெளியே நடையில் நர்ஸ் ஒரு ஸ்டீல் ட்ரேயைக் கீழே போட்டுவிட்டாராம். அந்தச் சத்தம் நடையின் கடைசி வரைக்கும் ஓடித் திரும்பி வந்ததாம். அதைக் கேட்ட அந்த ஒரு நொடி வலியே தெரியவில்லையாம். இத்தனை வருஷம் கழித்து அதே நடையில் போய் நின்று கைதட்டிவிட்டு வந்தாள். "ஆஸ்பத்திரியில கைதட்டற முதல் ஆளு நீங்கதாம்மா," என்று வார்டுக்காரர்கள் துரத்தாத குறை. மூன்று வாரக் கடைசிகள் உட்கார்ந்து அதைப் பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டாள். கண்ணாடிக்காரருக்கு அது புரியவில்லை. ஆனால் ஒரு மனுஷி ஒரு சத்தத்துக்காக இவ்வளவு மெனக்கெடுவதைப் பார்க்க அவருக்குப் பெருமையாக இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நகரின் பெரிய மண்டபத்தில் நடக்கும் இசை மாலைக்கு முப்பது குழுக்கள் மனுப் போட்டு, ஐந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் இவர்கள் குழுவும் ஒன்று. தொழிற்சாலையே துள்ளிக் குதித்தது. நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஃபோர்க்லிஃப்ட்காரர் கடைக்கு வந்தார். படிக்கிற கண்ணாடி சரியில்லை என்றார். சோதித்துப் பார்த்தால் கண்ணாடிக்கு ஒரு குறையும் இல்லை. பிரேம் லூசாக இருக்கிறது என்றார். அதுவும் இல்லை. கடைசியில் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டு பஞ்சு உருண்டைகள்.

"என்னங்க இது?"

"ரிகர்சல்ல நாங்க மூணு பேரும் காதுல வெச்சுக்கறது சார். அக்காவோட சிம்பல் காதைக் கிழிக்குது. மாசா மாசம் ஏறிக்கிட்டே போகுது. பூனைக்கு யாரு மணி கட்டறதுன்னு தெரியாம உங்ககிட்ட வந்திருக்கேன்."

"அவகிட்ட நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சொல்வீங்களா சார்?"



சனிக்கிழமை மத்தியானம் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு ரிகர்சலுக்குப் போனார். காலி பாட்டில் கோடவுனில், ஸ்பீக்கர் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய டிரம்மும் ஸ்னேரும் நெஞ்சில் வந்து உட்கார்ந்தன. அடடா, இவளா, நம் வீட்டு வெங்காயமா என்று சிரிப்பும் வந்தது. அப்போது அவள் சிம்பலை அடித்தாள். ஒரு பெட்டி பாட்டிலை மாடியிலிருந்து கொட்டினாற்போல் இருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஸ்டோர்கீப்பர் குல்லாயைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டிருந்தார். கீபோர்டுப் பெண் தலைமுடியைக் காது மறைய விரித்துப் போட்டிருந்தாள். இடியக்கா மட்டும் கண்ணை மூடி, மழையில் நனைகிறவளைப் போல முகத்தைத் தூக்கி, ஆனந்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த முகத்தை அவருக்குத் தெரியும். கடையில் பார்த்திருக்கிறார். கண் சோதனைக்கு வருகிறவர்களில் சிலர் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை வெளியே காத்திருக்கும்போதே மனப்பாடம் செய்துவிடுவார்கள். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஏமாற்றுகிறோம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது, தெரிகிறது என்றே நம்புவார்கள். அட்டையைத் திருப்பிப் போட்டால்தான் குட்டு வெளிப்படும். எத்தனை பேரை அப்படிப் பிடித்திருக்கிறார்! வீட்டில் மைக்ரோவேவ் கூவினாலும் அவள் திரும்பிப் பார்க்காததை, அம்மா போனில் ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று வெளியூரிலிருக்கும் மகள் கேட்டதை, முதுகுக்குப் பின்னால் பேசினால் 'என்ன, என்ன' என்பதை, எதையும் அவர் கோத்துப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி.

அன்று மாலை அவள் மைக்ரோவேவில் பால் வைத்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அது மூன்று தடவை கூவி ஓய்ந்தது.

"பால் சூடாயிடுச்சும்மா."

"அடிக்கவே இல்லையே?"

"அடிச்சுது. மூணு தடவை."

அவள் மைக்ரோவேவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மத்தியானம் அவர் ஏன் கோடவுனுக்கு வந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இடியக்கா மக்கு இல்லை.

"சளி பிடிச்சிருக்குன்னு பஞ்சு வெச்சிருந்தா அந்தக் கீபோர்டுப் பொண்ணு. மூணு பேருக்கும் ஒண்ணா சளி பிடிக்குமான்னு நான் யோசிச்சிருக்கணும்," என்றாள்.

நோட்டை எடுத்து வந்து மேஜையில் விரித்தாள். சிம்பல் கூர்மை: இரண்டு வருஷத்துக்கு முன் நாலு. அப்புறம் ஆறு. எட்டு. பதினொன்று. போன மாதம் பதினாலு. எல்லாம் அவள் கையெழுத்து.

"பெட்டி பழசாயிடுச்சுன்னு நினைச்சேங்க. பெட்டியைத்தான் திட்டினேன்," என்றாள். பிறகு கோபம் வந்தது. "ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல. இவங்க முன்னாடி கண்ணை மூடிக்கிட்டு என்னா வாசிப்பு வாசிச்சேன்!" அன்றிரவே ரப்பர் வட்டங்களைக் கழற்றிப் போர்வையில் சுற்றிவிட்டாள்.

திங்கட்கிழமை காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். தடித்த சத்தங்களுக்கு ஒன்றும் கேடில்லை, கீச்சென்ற மேல் சத்தங்கள்தான் போய்விட்டன, போனது திரும்பாது என்றார். பாட்டிலோடு பாட்டில் உரசுகிற சத்தத்தில் இத்தனை வருஷம் நின்றதன் பலன் அது. காதடைப்பான் கொடுக்க ஆரம்பித்ததே பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான். காதில் மாட்டுகிற கருவி வர மூன்று வாரம் ஆகும், அதுவும் பேச்சுக்குத்தான் உதவும், டிரம்முக்கு அவ்வளவாக ஆகாது என்றும் சொன்னார்.

"மண்டபத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடுங்க," என்றாள் இடியக்கா, ஆஸ்பத்திரி வாசலில். அந்தக் காது ஆஸ்பத்திரிக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே போகும்போதும் வரும்போதும் அவள் கைதட்டவில்லை. அதைப் பார்த்தபோதுதான் கண்ணாடிக்காரருக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதானேம்மா. கண்ணாடி போட்டுக்கறதில்லையா?"

"அந்த ஆறுதலை எல்லாம் கடைக்கு வர்றவங்களுக்குச் சொல்லுங்க."

வியாழக்கிழமை அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். உள்ளே அவர் ஒரு தையல்காரருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தார். ஓரமாக உட்கார்ந்தாள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "இது ஒண்ணு. இது ரெண்டு. எது தெளிவா இருக்கு? ஒண்ணா, ரெண்டா?" தையல்காரர் ரெண்டு என்றார், ஒண்ணு என்றார், இல்லை இல்லை ரெண்டே என்றார். இருபது நிமிஷம் ஓடியது. தையல்காரர் போனதும் இடியக்கா கேட்டாள்.

"அவர் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? அவர் கண்ணு அவருக்கு. கேட்டுக் கேட்டு வெக்கறதுதான்."

அவள் பையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது டிரம் கூடத்தில் மறுபடி நின்றுகொண்டிருந்தது. பெட்டியில் எண் தெரிகிற சின்ன ஜன்னலின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. எதிரே சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்று.

"செருப்பைக் கழட்டிட்டு வந்து உட்காருங்க. இன்னிக்கு நீங்கதான் நோயாளி."

"எனக்குச் சங்கீதம்னா என்னன்னே தெரியாதே!"

"உங்க தையல்காரருக்குக் கண்ணாடி செய்யத் தெரியுமா? உட்காருங்க."

"அந்த டேப் எதுக்கு?"

"நான் நம்பரைப் பாத்துத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். உங்க அட்டை மனப்பாடக்காரங்க மாதிரி. இனிமே அந்த வேலை வேணாம்."

ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். சிம்பலில் அடித்தாள். குமிழைத் திருகினாள், மறுபடி அடித்தாள். "ஒண்ணா, ரெண்டா?" அவர் முழித்தார். இத்தனை வருஷம் இந்தக் கேள்வியை மற்றவர்களிடம் வீசியவருக்கு அதற்குப் பதில் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. "ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு." "அப்போ மறுபடி." ஒண்ணு என்றார். ரெண்டு என்றார். தையல்காரரைப் போலவே உளறினார். அவள் முகம் சுளிக்கவில்லை. தனக்குக் கேட்காத ஒன்றை, கேட்கிற ஒருவர் வாயிலிருந்து அரை அரை அங்குலமாக வாங்கிக்கொண்டிருந்தாள். கடையில் தான் காட்டுகிற பொறுமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அவருக்குப் பட்டது.

நடுவில் ஒரு தடவை, அவர் காது களைத்துப்போனதைப் பார்த்து, தாலாட்டின் ஸ்னேரை மெல்ல ஒரு தட்டு தட்டினாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சத்தம் எங்கோ நீளமாக ஓடி, கடைசியில் இருந்த கதவில் இடித்து, திரும்பி வந்தது. அந்தக் கதவை அவருக்குத் தெரியும். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அதற்குப் பக்கத்தில் போட்டிருந்த பெஞ்சில்தான் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார்.

"ட்ரே விழுந்தப்ப நான் எந்திரிச்சு நின்னுட்டேன், உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு," என்றார். ஹெட்போனைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும், ஒண்ணா ரெண்டா?" என்றாள் அவள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

சனிக்கிழமை கோடவுனில் மற்ற மூன்று பேரையும் பஞ்சை எடுத்துவிட்டு ஒவ்வொருவராக வரச் சொன்னாள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்று கதவைச் சாத்தினாள். ஃபோர்க்லிஃப்ட்காரர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். "அதை அப்புறம் கேளுங்க தம்பி. ஒண்ணா, ரெண்டா?" எல்லோரும் சொல்லி முடித்ததும் டேப்பை உரித்தாள். உள்ளே நாலு என்றிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் காது நன்றாக இருந்தபோது எழுதி வைத்த அதே நாலு.

குச்சியை எடுத்து சிம்பலை அடித்தாள். ஸ்பீக்கரிலிருந்து அது மெல்லிசாக, வெள்ளியாக எழும்பிக் கோடவுன் முழுக்கப் பரவியது.

"கேக்குதா?"

"அருமையா கேக்குதும்மா," என்றார் கூட வந்திருந்த கண்ணாடிக்காரர்.

"எனக்கு ரப்பர் மட்டும்தான் கேக்குது," என்றாள். அந்த ரப்பரைக் குச்சியால் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். "சரி. அப்போ சரியாத்தான் இருக்கு. பாட்டை ஆரம்பிங்க."

நிகழ்ச்சியன்று மத்தியானமே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மேடையேறியதும் இடியக்கா நாலடி வைத்தாள், நின்றாள், கைப்பையைத் தோளில் ஏற்றினாள். பளார். கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"இதுக்குச் சொந்தமாவே எக்கோ இருக்கு. நாம வேற எதுக்கு?" என்று சொல்லி, ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த எக்கோவையெல்லாம் ஒவ்வொன்றாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். பிரசவ வார்டு நடையைக்கூட. மூன்று வாரக் கடைசிகள் உழைத்ததை ஒரு திருகில் விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? அன்று மாலை அவர்களுக்கு முன்னால் வாசித்த இரண்டு குழுக்களின் டிரம்மும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டதுபோலக் குழம்பிற்று. இவளுடைய ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நின்றது.

முதல் பாட்டு முடிந்ததும் அவள் பன்னிரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். மண்டபம் நிரம்பினால் ஆட்கள் சத்தத்தைக் குடித்துவிடுவார்கள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள். சிம்பலை ஒரு தடவை தொட்டாள், குமிழை ஒரு எண் ஏற்றினாள், மறுபடி தொட்டாள். கண்ணாடிக்காரர் இரண்டு விரலைக் காட்டினார். பக்கத்திலிருந்தவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கடைசிப் பாட்டு தாலாட்டு. அது சிம்பலில் ஒரே ஒரு மெல்லிய அடியோடு முடியும். அந்த ஓசை தானாக அடங்குகிற வரைக்கும் குழு அசையக் கூடாது, டிரம்காரர் குச்சியை இறக்கினால்தான் பாட்டு முடிந்ததாக அர்த்தம். அவள் அடித்தாள். குச்சி அந்தரத்தில் நின்றது. ஓசை அவளுக்குக் கேட்கவில்லை, எப்போது அடங்கும் என்றும் அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டாவது வரிசையில் கண்ணாடிக்காரர், முன்பே பேசி வைத்தபடி, கையைத் தூக்கி வைத்திருந்தார். ஓசை மண்டபத்தின் கூரையைத் தடவிக்கொண்டு மெலிந்து மெலிந்து போயிற்று. அவர் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. நூலிழையாகி, அதுவும் இல்லாமல் போன பிறகு, கையை மெல்லத் தாழ்த்தினார். இடியக்கா குச்சியை இறக்கினாள். மண்டபம் எழுந்து கைதட்டியது. அது அவளுக்கு நன்றாகவே கேட்டது.

மேடைக்குப் பின்னால் அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"ஆறு எண்ணுற வரைக்கும்."

"ஆறா! நல்ல மண்டபங்க," என்று எழுதிக்கொண்டாள். அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். 'பெரிய மண்டபம். எக்கோ பூஜ்யம். சிம்பல் ஐந்து, ஆறு எண்ணிக்கை நிற்கும். கேட்டவர்: என் வீட்டுக்காரர்.'